ஏழாம் பக்கத்து அத்தை

சினிமா என்ற ஒன்றை மனிதர்கள் கண்டுபிடித்ததே, என் அத்தை அதைப் பார்த்துவிட்டுக் குறை சொல்வதற்காகத்தான். அவர் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தால் திரையில் நிற்கும் நாயகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வான். அவர் கொட்டாவி விட்டால் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு தயாரிப்பாளருக்குக் குளிர்காய்ச்சல் வரும். 'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டாரோ, அந்த இயக்குநரின் கொள்ளுப்பேரன்வரை அதைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருப்பான்.

இதையெல்லாம் இதுவரை நான் ஒருவன்தான் சொல்லியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

நடப்பைச் சொன்னால், அத்தை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். அப்பாவுக்கு அக்கா, எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். கடைக்கு வருகிறவரின் மூக்கு அகலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரில் இருக்கும் இருநூறு பிரேமில் பொருத்தமான ஒன்றைக் கையை நீட்டி எடுத்துவிடுவார். இரண்டு கண்மணிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று சின்ன அளவுகோலை நெற்றிக்குக் கீழே பிடித்து அளப்பார். காதைக் கடிக்கிறது என்று யாராவது வந்தால், கண்ணாடியின் கம்பியைச் சூடான காற்றில் காட்டி, ஒரு நெளிவு நெளித்து மாட்டிவிட்டு, "இப்ப குனிங்க, தலையை ஆட்டுங்க, விழலைல்ல? போங்க" என்பார்.

கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காலைக் காட்சிக்குத் தனியாகப் போவார். யாரையும் கூட்டிக்கொண்டு போக மாட்டார். பக்கத்தில் ஆள் இருந்தால் படம் கலங்கிப்போகும் என்பது அவர் கட்சி. சனிக்கிழமை கடை திறந்ததும், கூட்டம் வருவதற்கு முன்னால், பழைய டாக்டர் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுவார். அது புதன்கிழமை வரும் எட்டுப் பக்க வாரப் பத்திரிகையில், ஏழாம் பக்கத்தில், வாடகை வீட்டுப் பட்டியலுக்கும் பழைய குளிர்பெட்டி விற்பவர்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெளிவரும். பகுதியின் பெயர் 'பார்த்தாச்சு'. கீழே 'கண்ணாடிக்காரி' என்று கையெழுத்து.

மற்ற விமர்சகர்கள் நட்சத்திரம் போடுவார்கள். அத்தை நோயைக் கண்டுபிடிப்பார். போன மாதம் வந்த பெரிய நாயகன் படத்துக்கு அவர் எழுதியது இது: 'இந்தப் படத்துக்குக் கிட்டப்பார்வை. நாயகன் முகம் துல்லியமாகத் தெரிகிறது. பின்னால் ஒரு கதை இருப்பதாகச் சொல்கிறார்கள், மங்கலாக இருக்கிறது.' அதற்கு அடுத்த வாரம் பேய்ப்படம். 'பதினாறு அறை பங்களாவில் மட்டும் பேய் வருகிறது. ஒற்றை அறை வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று இரவு முழுவதும் யோசித்தேன். நிற்க இடம் இல்லை.'

அவருக்கு உண்மையாகவே ரத்தம் கொதிப்பது ஒரு விஷயத்துக்குத்தான். படிக்கிற பெண் என்று காட்டுவதற்குக் கதாநாயகிக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, காதல் வந்ததும் கழற்றி எறிந்து அவளை அழகியாக்கும் படங்கள். ரயில் காதல் படம் ஒன்றில் அப்படி வந்தபோது எழுதினார்: 'அந்தப் பெண் மாட்டியிருந்தது பவர் இல்லாத வெறும் கண்ணாடி. உண்மையான கிட்டப்பார்வைக் கண்ணாடியில் கன்னத்தின் ஓரம் உள்ளே தள்ளித் தெரியும். இங்கே கன்னம் கன்னமாகவே இருந்தது. ஆகவே அவளுக்கு முதலிலிருந்தே கண் நன்றாகத் தெரியும். அப்படி இருந்தும் இந்த நாயகனைக் காதலித்தாள் என்பதுதான் நம்ப முடியவில்லை.'

வீட்டில் இலவசச் சேவையும் உண்டு. ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் படம் ஓடும்போது அத்தை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு காட்சி விடாமல் குடைந்துகொண்டே இருப்பார். அப்பாவுக்குப் படம் காதில் விழாது. எரிச்சலில் சத்தத்தைக் கூட்டுவார்; அத்தையும் கூட்டுவார். அம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம். எனக்கும்தான், ஆனால் நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கவிழ்ந்து, மூன்றாவது தடவைக்குத் தயாராகிக்கொண்டிருப்பதாக நம்பப்படுகிறவன். சந்தோஷத்தை அடக்கிக் காட்டவேண்டிய நிலையில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வாயே திறக்கவில்லை.

படமோ அவருக்கென்றே எடுத்ததுபோல் இருந்தது. இரட்டைச் சகோதரர்கள், ஒருவனுக்கு மீசை, இன்னொருவனுக்கு மீசை இல்லை, மீசையை எடுத்ததும் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் திரையை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. அப்பா பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார். அம்மா, உடம்புக்கு முடியவில்லையா அண்ணி என்று கேட்டார். "இல்லையே, படம் நல்லாத்தான் போகுது" என்றார் அத்தை.

படம் முடியுமுன்னே எழுந்து மாடிக்குப் போனவரின் பின்னாலேயே போனேன். ஒன்பது வருடத்து ஏழாம் பக்கங்களை, பழைய பிரேம் கம்பெனி ஆல்பம் ஒன்றில், கண்ணாடிப் படங்களுக்கு மேலே ஒட்டி வைத்திருப்பார். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். பத்திரிகைக்காரர் ஒரு பெரிய இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஒற்றை அறையில் உட்கார்ந்து பத்திரிகை நடத்துகிறவர். சுவரில் ஒவ்வொரு பகுதிக்கும் கடிதம் போட்டுவைக்க, பலகை அடித்து ஒரு பொந்து வைத்திருக்கிறார். வாசகர் கடிதம் எந்தப் பொந்தில் எவ்வளவு சேர்கிறது என்பதுதான் அவருக்கு எல்லாம். கைப்பேசியில் வருகிற செய்தியைக் கணக்கில் எடுக்க மாட்டார். விரலால் தட்டுவது கொசு அடிப்பது மாதிரி, பேனா எடுத்து எழுதினால்தான் கருத்து என்பார். ராசிபலன் பொந்து பிதுங்கி வழிகிறது. அத்தையின் பொந்தில் ஐந்து மாதமாக ஒரு சிலந்தி குடித்தனம் நடத்துகிறது.

"நாலு வாரம் டைம் குடுத்திருக்காருடா. பத்து லெட்டர் வரலைன்னா அந்த இடம் மெத்தைக் கடைக்கு" என்றார்.

"மெத்தை விளம்பரமா?"

"ஆமா. இவ்வளவு நாள் என்னைப் படிச்சுட்டுத் தரையில தூங்கினவங்க, இனிமே வசதியாத் தூங்கட்டும்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அடுத்த நாளே நான் ஓய்வுபெற்ற சர்வேயர் ஆனேன்.

புகழ்ந்து எழுதினால் சொந்தக்காரன் வேலை என்று பத்திரிகைக்காரர் மோப்பம் பிடித்துவிடுவார். திட்டினால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்? எனவே இடது கையால், கோணல் மாணலாக, இப்படி எழுதினேன்: 'ஐயா, முப்பத்தோரு ஆண்டுகள் நிலம் அளந்தவன் நான். கண்ணாடிக்காரி அவர்களின் விமர்சனத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பார்த்துவிட்டேன். உள்ளே சரக்கு ஒரு சாண்கூட இல்லை. கடைசிச் சண்டையில் நாற்பது பேர் நாயகனிடம் ஒருவர் பின் ஒருவராக வந்து அடி வாங்கியதைக் கேலி செய்கிறார். இந்தக் காலத்தில் நாற்பது பேர் வரிசையில் நிற்பதை வேறு எங்கே பார்க்க முடியும்?'

இரண்டு நாள் கழித்து அது அச்சில் வந்ததும் 'மூன்று பிள்ளைகளின் தாய்' உருண்டை உருண்டையான எழுத்தில் சர்வேயருக்கு ஒரு குத்து விட்டாள். அந்த நாற்பது பேரின் சட்டையிலும் அப்பிய சேற்றை யார் துவைத்தார்கள் என்று அவர் தம் வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்லட்டும் என்றாள். சர்வேயர் பொங்கி எழுந்து, அடுத்து வந்த பாலம் இடிகிற படத்தையும் சண்டைக்குள் இழுத்தார். தாய் இரண்டு பக்கத்துக்குப் பதில் கொடுத்தாள். அவர்கள் சண்டையை விலக்கிவிட, பச்சை மையில் எழுதும் நூலகர் ஒருவரை இறக்கினேன். அவர் ஒரே ஒரு கடிதம்தான் எழுதினார். அதில் என்ன இருந்தது என்பதை இங்கே சொல்வதாக இல்லை.

நாடகத்தை நான் ஆரம்பித்தேனே தவிர, இரண்டாவது வாரமே அது கை மீறிப்போய்விட்டது. அத்தை சர்வேயருக்கு ஏழாம் பக்கத்திலேயே பதில் எழுதினார்: 'சர்வேயர் அவர்களுக்கு, என் சரக்கு ஒரு சாண்தான், ஒப்புக்கொள்கிறேன். தங்கள் கோபம் ஏக்கர் கணக்கில் கிடக்கிறது. ஆடு மாடு மேய்வதற்குள் வேலி போட்டுக்கொள்ளவும்.' இதைப் படித்துவிட்டு, நான் பிறப்பிக்காத மனிதர்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஒரு தையல்காரர் சர்வேயர் பக்கம் நின்றார். ஒரு செவிலியர், தாயின் பக்கம். ஒரு லாரி ஓட்டுநர் இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு, மலைப்பாதையில் லாரி திரும்பியதை அத்தை தப்பாக எழுதிவிட்டார் என்று படம் வரைந்தே அனுப்பியிருந்தார். அத்தை அதை மூன்று தடவை படித்தார். ஓட்டுநர் சொன்னது சரி, நான் கவனிக்கவில்லை என்று அடுத்த வாரம் ஒப்புக்கொண்டார். சிலந்தி வீட்டைக் காலி செய்தது.

ஞாயிறு மதியம் அத்தையின் வாய் மறுபடி திறந்தது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். நான் வீட்டில் யாருக்கும் தெரியாமல் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அந்தக் கை முதுகிலிருந்து இறங்குவதற்குள் பத்திரிகைக்காரர் என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். நாலாவது வார இதழில், கட்டம் கட்டி: வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் கண்ணாடிக்காரியுடன் வாசகர் சந்திப்பு, சர்வேயர், மூன்று பிள்ளைகளின் தாய், நூலகர் ஆகியோர் அவசியம் வரவேண்டும், ஏழாம் பக்கத்தின் எதிர்காலம் அன்று அறிவிக்கப்படும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னை நிதானமாகப் பார்த்துச் சொன்னார்:

"அந்த சர்வேயரை நேர்ல பாக்கணும்டா. கண்ணை டெஸ்ட் பண்ணி, நல்லதா ஒரு கண்ணாடி மாட்டி அனுப்பணும்."

"வயசான மனுஷன் அத்தை. மாடிப்படி எல்லாம் ஏறுவாரோ என்னமோ."

"ஏறுவாரு. இவ்வளவு ரோஷமா எழுதறவரு வராம இருப்பாரா?"

மூன்று பேரும் வராவிட்டால் பத்திரிகைக்காரருக்குப் புரிந்துவிடும். மெத்தை ஏழாம் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொள்ளும். அதுகூடப் பரவாயில்லை. நாலு பேர் முன்னால், உனக்கு வந்த கடிதமெல்லாம் பொய் என்று அத்தையிடம் யாராவது சொல்வார்களே, அப்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைக்கவே முடியவில்லை.

சைக்கிள் கடையில் இருக்கும் என் கூட்டாளியைச் சர்வேயராக நடிக்கக் கேட்டேன். அவனுக்கு வயது பதினெட்டு. ஓய்வுபெற்றவன் என்று சொல்ல வேண்டும் என்றதும், வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள்ளா என்று கேட்டான். விட்டுவிட்டேன். கடைசியில் மூன்று வருத்தக் கடிதங்கள் எழுதினேன். சர்வேயருக்குக் கால் சுளுக்கு. தாயின் நடுப் பிள்ளைக்கு அம்மை. நூலகர், தம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே அவற்றைப் படிக்கட்டு அடியில் இருக்கும் கடிதப் பெட்டியில் போட்டேன். போட்டவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கால் மாடிக்குப் போயிற்று.

யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பத்தே காலுக்கு உட்கார இடம் இல்லை. கீழ்க் கடையிலிருந்து பெயின்ட் டின்களைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார்கள். தையல்காரர் வந்தார், செவிலியர் பணி உடையிலேயே வந்தார், லாரி ஓட்டுநர் கையில் ஒரு பொம்மை லாரியுடன் வந்தார். அத்தை முன்னால் ஒரு நாற்காலியில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப்போல் உட்கார்ந்திருந்தார். முதல் பத்து நிமிடம் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்றே பதில் சொன்னார். நான் கடைசி டின்னில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன்.

அப்புறம் தையல்காரர் தெரியாத்தனமாக, கண்ணாடியைக் கழற்றினால் பெண்கள் அழகாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டார். அத்தை கைப்பையைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். அறையில் கண்ணாடி போட்டிருந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராக எழுப்பி, அந்தக் காட்சி ஏன் பொய் என்று அவர்கள் கன்னத்தைக் காட்டியே நிரூபித்தார். தையல்காரரின் கண்ணாடியையும் கழற்றச் சொன்னார். எதிரே யார் இருக்கிறார்கள், அழகாக இருக்கிறார்களா சொல்லுங்கள் என்றார். மனிதர் பத்திரிகைக்காரரைப் பார்த்து, ஒரு அம்மா நிற்கிறார்கள், சுமார்தான் என்றார். பெயின்ட் டின்கள் உருளச் சிரித்தார்கள்.

பத்திரிகைக்காரர் எழுந்து, மெத்தைக் கடைக்கு எட்டாம் பக்கத்தில் இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் மூன்று வருத்தக் கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்று பேருக்கும் ஒரே நாளிலா என்று கூட்டம் உச்சுக்கொட்டியது. சர்வேயர் வீடு எங்கே என்று தெரிந்தால், பணி முடிந்ததும் போய்க் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருகிறேன் என்றார் செவிலியர். இதற்கு மேல் அங்கே இருப்பது உடம்புக்கு நல்லதில்லை என்று நான் நழுவி, படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினேன்.

பாதிப் படியில் மேலேயிருந்து குரல் வந்தது.

"சர்வேயர் சார், சுளுக்கின காலோட அப்படி ஓடக் கூடாது."

அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்பதுபோல் நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"எந்த சர்வேயர்?" என்றேன்.

"சரி, அதை விடு. பாலம் இடியற படம் பாத்தியா?"

"பாத்தேனே."

"அதுல ஹீரோவோட அண்ணன் எப்படிடா செத்தான்?"

"ஏது அண்ணன்?"

சொல்லி முடித்ததும் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். முடிந்தது கதை என்று புரிந்துவிட்டது.

"கிளைமாக்ஸ்ல ஹீரோ ஒரு போட்டோ முன்னாடி நின்னு அழறானே, அந்த அண்ணன். அவன் சாகறதுதான் மொத முக்கால் மணி நேரமும். அந்தப் போட்டோல இருக்கறது யாருன்னு சர்வேயர் கேட்டு எழுதறாரு. மூணு பிள்ளை பெத்தவளும் கேக்கறா. வேற வேற வயசு, வேற வேற கையெழுத்து, ஒருத்தருக்காவது அந்த அண்ணனைத் தெரியல. மத்த படத்துக்கும் அப்படித்தான். உன் ஆளுங்க எல்லாரும் இடைவேளைக்கு அப்புறந்தான் தியேட்டருக்கே வராங்க."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இடைவேளையில் வெளியே வருகிற கூட்டத்தோடு கையில் ஒரு காலிப் பாப்கார்ன் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், திரும்ப உள்ளே போகும்போது வாசலில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. மூன்று வருடமாக நான் பார்த்த அத்தனை படமும் நடுவில்தான் ஆரம்பிக்கிறது. சினிமாவே அப்படித்தான் எடுப்பார்கள் என்று பழகிப்போயிருந்தேன்.

"எப்பத்துலேந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரம். மறுநாளே போய் பத்திரிகைக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். நாலு வாரம் முடிஞ்சப்ப மொத்தம் இருபத்தஞ்சு வந்துச்சு. உன்னோட பதினொண்ணைக் கணக்குலேந்து எடுத்துடுங்கன்னேன். மிச்சம் பதினாலு நெஜமா நிக்குது."

"அவருக்கும் தெரியுமா? அப்புறம் எதுக்கு அந்த மூணு லெட்டரையும் படிச்சாரு?"

"நீ எப்படி முழிக்கறன்னு பாக்கத்தான். நல்லா முழிச்ச."

அசடு வழிய நின்றேன். திட்டினதெல்லாம் சும்மா, ஆளை நம்பவைக்கத்தான் என்று ஏதோ இழுத்தேன். திட்டினது ரசமாகத்தான் இருந்தது, சாண் கணக்கு எனக்குப் பிடித்தது என்றார். இரண்டு படி இறங்கி வந்து, கைப்பையைத் திறந்து, பச்சை மைக் கடிதத்தை எடுத்தார். அதைப் பத்திரிகையில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவரே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இந்த நூலகர் மட்டும் படத்தைப் பத்தி ஒரு வரிகூட எழுதல" என்றார். "'கண்ணாடிக்காரி பேசாமல் இருந்தால் வீடே வெறிச்சென்று ஆகிவிடுகிறது'ன்னு எழுதியிருக்காரு. நான் வாயை மூடினா, ஊர்ல எங்கயோ இருக்கற நூலகர் வீடு ஏண்டா வெறிச்சுன்னு ஆகணும்?"

கீழே இரும்புக் கடையில் யாரோ ஆணி கொட்டுகிற சத்தம் கேட்டது. அதையே மும்முரமாகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்? அவரைத்தான் கேக்கணும்" என்றேன்.

அத்தை கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பாத்தா சொல்லு. வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்துடணும். பக்கத்துல இடம் போட்டு வைக்கறேன்."